அணுகுண்டு திருடியவரின் குரல்

நவம்பர் 4, செவ்வாய்

இன்று படம் வந்து சேர்ந்தது. மூன்று அணுகுண்டுகள், ஒரு ரயில், பனிமலை, ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர். ஜெனரல்தான் திருடன். ராணுவ ரயிலிலிருந்து மூன்று குண்டுகளையும் இறக்கி மீன் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறார். விடியும்வரை ஒரு நாட்டுக்கே அது தெரியவில்லை. எங்கள் குடியிருப்பில் துணி காயப்போடும் கொடியை நான் ஓரடி நகர்த்தினால் கீழ்வீட்டு அம்மாள் மாடியேறி வந்து காரணம் கேட்கிறாள். அவளை அந்த ரயிலில் உட்கார வைத்திருந்தால் படம் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

வேற்றுமொழிப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதி, அதைப் பேசவைத்து வாங்குவது என் வேலை. திரையில் இருப்பவர் வாய் திறக்கும்போது தமிழும் திறக்க வேண்டும், அவர் மூடும்போது மூட வேண்டும். உதடு ஒட்டுகிற இடத்தில் ஒரு ‘ப’வோ ‘ம’வோ வந்தாக வேண்டும். இதையே செய்து செய்து, டி.வி.யில் யார் பேசினாலும் விஷயத்தை விட்டுவிட்டு வாயைப் பார்க்கிற வியாதி எனக்கு வந்துவிட்டது.

தமிழ் உரிமை வாங்கியிருப்பவர் வரதராஜுலு சார். ஸ்டுடியோவும் அவருடையதுதான். டிசம்பரில் ரிலீஸ் என்கிறார். “பூங்கோதை, படத்துல எத்தனை வாட்டி பாம் வருதோ அத்தனை வாட்டியும் அணுகுண்டுன்னே எழுதும்மா. ஆயுதம், கருவின்னு எழுதினா எவன் பயப்படுவான்?” என்றார். அதுவும் நியாயம்தான்.

ஜெனரலுக்குக் குரல் ஆவுடையப்பன் சார். ஒல்லியான மனிதர், திருநெல்வேலிக்காரர், மனைவி போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. தமிழ்நாட்டில் பாதிப் பேர் சின்ன வயதில் இவர் குரலுக்குப் பயந்து போர்வைக்குள் போனவர்கள். முகம் தெரிந்தவர்கள் என்று பார்த்தால் வடபழனியிலேயே பத்துப் பேர் தேற மாட்டார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. துவைத்தது எதுவும் காயவில்லை.

நவம்பர் 6, வியாழன்

இன்று ஜெனரலின் குரல் பதிவு தொடங்கியது. ஆவுடையப்பன் சார் எப்போதும் கடைசியாக வந்து சேருகிறவர். வெற்றிலையை மென்றுகொண்டே ஒரு தடவை காட்சியைப் பார்ப்பார், துப்பிவிட்டு வந்து பேசுவார். இன்று சவுண்ட் என்ஜினியர் ஹமீது பூட்டைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றிருந்தார். ஒவ்வொரு காட்சியையும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். வசனத் தாளை மனப்பாடம் செய்தார். இத்தனை வருஷம் ஆன ஆளுக்குப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி என்ன படிப்பு என்று எனக்கு வியப்பாக இருந்தது.

ஆனால் பேச ஆரம்பித்ததும் அந்த வெள்ளைக்காரக் கிழவர் திருநெல்வேலியில் பிறந்தவரோ என்று தோன்றியது. ஓர் இடத்தில்கூட உதடும் பேச்சும் விலகவில்லை. “மூணு குண்டு இருக்கு. ஒண்ணு உங்களுக்குப் புரியறதுக்கு. ஒண்ணு நீங்க நம்பறதுக்கு. மூணாவதைப் பத்தி அப்புறம் பேசலாம்.” நான் எழுதிய வசனத்துக்கு நானே பயந்தேன்.

மத்தியானம் கதாநாயகிக்குக் குரல் கொடுக்கும் ஷைலஜா வந்தாள். ஹெட்போனை மாட்டிய உடனே, “அண்ணா, ஒண்ணுமே கேக்கலை” என்றாள். ஹமீது உள்ளே போய்ப் பார்த்தால் ஒயரே பிடுங்கிக் கிடக்கிறது. காலையில் மழைத் தண்ணீர் ஒழுகியதென்று தரை துடைத்தபோது கழற்றியது, யாரும் திரும்ப மாட்டவில்லை.

“அப்ப காலைல சார் எப்படிப் பேசினாரு?” என்று கேட்டேன்.

“தலைவருக்கு எதுக்கு மேடம் ஹெட்போனு? வாயைப் பாத்தே பேசிடுவாரு” என்றார் ஹமீது. எல்லோரும் சிரித்தோம்.

வரும் வழியில் சேனைக்கிழங்கு வாங்கினேன். பாதி அழுகல்.

நவம்பர் 7, வெள்ளி

மழை விடுமுறை. பட்டுப் புடவைகள் மூன்றை அயர்ன் செய்தேன். காட்டன் காயவில்லை, அதனால்தான்.

நவம்பர் 10, திங்கள்

ஒரு புதிர்.

படத்தின் கடைசியில் ஒரு நீண்ட காட்சி. ஜெனரல் சுரங்கத்துக்குள் மூன்றாவது குண்டைத் திறந்து வைத்துக்கொண்டு கதாநாயகனோடு பேரம் பேசுகிறார். கதிர்வீச்சுக்காக முகத்தை முழுக்க மூடிய ரப்பர் முகமூடி. இந்த மாதிரிக் காட்சி வந்தால் எங்கள் தொழிலில் அது லாட்டரி. உதடே தெரியாது, ஒட்ட வேண்டியதில்லை. நான் இஷ்டப்படி எழுதலாம், பேசுகிறவர் இஷ்டப்படி பேசலாம். காலையில் தொண்டை சரியில்லை என்றால்கூட முகமூடிக் காட்சியை முதலில் முடித்துவிட்டுப் போவார்கள்.

ஆவுடையப்பன் சார் அந்தப் பக்கங்களைப் புரட்டினார். முகம் சுண்டிப் போயிற்று. “இதைக் கடைசியில பாத்துக்கிடலாம்” என்று ஒதுக்கி வைத்தார். பிறகு, கிழவர் பனியில் ஓடிக்கொண்டே மூச்சிரைக்கக் கத்துகிற காட்சியைக் கேட்டு வாங்கிப் பேசினார். வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுத் தள்ளிப்போடுகிற காட்சி அது. அல்வாவை விட்டுவிட்டுக் கசாயத்தைக் கேட்டு வாங்குகிற ஆளை நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம். பேசுகிறவர் கண்ணாடி அறைக்குள் இருப்பார். நாங்கள் வெளியிலிருந்து மைக்கில் திருத்தம் சொல்வோம். வழக்கமாக நான் ஹமீதுக்குப் பக்கத்தில் ஓரமாக உட்காருவேன். இன்று அவர் என்னைக் கண்ணாடிக்கு நேர் எதிரே உட்காரச் சொன்னார்.

“நீங்க அங்கனயே இருங்க, கோதையம்மா. உங்க முகம் தெரிஞ்சா எனக்குப் பேச்சு நல்லா வருது.”

ஹமீது மிக்ஸர் போர்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். நான் கண்டுகொள்ளவில்லை. கல்யாணம் ஒன்று செய்து, அதை முடித்தும் வைத்து, பெண்ணையும் படிக்க வைத்து அனுப்பியாகிவிட்டது. இந்த வயதில் இதற்கெல்லாம் ஒரு அர்த்தமும் கிடையாது. வரும் வழியில் மல்லிகைப்பூ வாங்கினேன், வெகுநாள் ஆயிற்றே என்று.

நவம்பர் 11, செவ்வாய்

எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை என்றால் சோறு இறங்காது.

டீ நேரத்தில் ஆவுடையப்பன் சார் மழையைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் நின்றிருந்தார். நான் பின்னால் போய் நின்று, “சார், உங்க காலர்ல பல்லி” என்றேன். அசையவில்லை.

“சார், வரதராஜுலு சார் உங்களை ஹீரோவாப் போட்டுப் படம் எடுக்கப் போறாராம்.”

ஒன்றுமில்லை. டீயை ஊதிக் குடித்தார். டம்ளரை வைக்கத் திரும்பியபோதுதான் என்னைப் பார்த்தார். “அடடே, எப்ப வந்திய?” என்று முகமெல்லாம் மலர்ந்தது.

ஏதோ யோசனையில் இருந்திருப்பார். பல்லி என்றால் ஊரே குதிக்கும். பெரிய யோசனையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

ஸ்டுடியோவின் கூரைக்கு மேல் தகரம் போட்டிருக்கிறார்கள். மழை வலுத்தால் மைக்கில் ஏறிவிடும், பதிவை நிறுத்திவிட்டு வடை சாப்பிடுவோம். இன்று பகலில் கொட்டிய மழைக்கு எங்களுக்குள் பேசுவதே கேட்கவில்லை. “கட் கட்” என்று ஹமீது மைக்கில் கத்தினார். ஆவுடையப்பன் சார் உள்ளே பேசிக்கொண்டே இருந்தார். கூரையே இடிந்து விழுகிற சத்தத்தில், ஒரு நகரத்தை எப்படி அழிக்கப் போகிறேன் என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கையையும் ஆட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

“என்னம்மா, நல்லா வரலையா?”

ஹமீது என்னைப் பார்த்தார். நான் மானிட்டரைப் பார்த்தேன்.

வராந்தாவுக்கு வந்தோம். ஹமீது வடை வாங்கப் போயிருந்தார். நான் அவருக்கு எதிரே நின்றேன். வாயை மட்டும் அசைத்து, துளிகூடச் சத்தம் வராமல் கேட்டேன்: “எத்தனை நாளா?”

“ஒரு வருஷமாச்சு” என்றார் அவர் சட்டென்று.

சொன்ன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நானும் ஏன் இப்படிக் கேட்டோம் என்று வெட்கப்பட்டேன். எத்தனை நாளாக என்றுதான் கேட்டேனே தவிர, என்ன என்று கேட்கவில்லை. அது எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

“போன மார்கழியில ஒரு காது போச்சு. இன்னொண்ணும் அதுக்குப் பின்னாலயே போகுது. மெஷின் வாங்கி மாட்டிப் பாத்தேன். இரைச்சல்தான் பெருசாகுது, பேச்சு பெருசாகல.” அவருக்கே தெரியாமல் குரல் ஏறியது. நான் வாயில் விரலை வைத்தேன், இறக்கிக்கொண்டார். “உதட்டைப் பாத்துத்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டேன். காது போனப்பவும் அதுதான் கை குடுக்கு. எதுத்தாப்புல ஒரு முகம் இருந்தா சமாளிச்சிருவேன். முகமூடியைப் போட்டுட்டா நான் என்னத்தைப் பாத்துப் பேச?”

அல்வா ஏன் கசந்தது என்று விளங்கிவிட்டது. கண்ணாடிக்கு நேர் எதிரே நான் ஏன் உட்கார வேண்டும் என்பதும் விளங்கிவிட்டது. நான் மைக்கில் சொல்கிற திருத்தங்களை என் வாயிலிருந்து படித்திருக்கிறார். வேறு காரணம் எதுவும் இல்லை. நல்லது.

“இந்தப் படத்தை முடிச்சுட்டு நானே நின்னுக்கிடுதேன். பாதியில எறக்கி விட்டுட்டாங்கன்னு ஆகக்கூடாது. வடபழனியில அது ஒரு சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிரும். அதுக்கப்புறம் நான் இத்தனை நாள் பேசினதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு ஆயிரும்” என்றார்.

வரதராஜுலு சாரிடம் சொல்வதுதான் முறை. அவர் எனக்கு நல்லது செய்தவர். வீட்டுக்கு வந்து சாதம் வைத்துக் குழைய விட்டுவிட்டேன். கோபம் கோபமாக வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

சொல்லவில்லை.

நவம்பர் 17, திங்கள்

ஜெனரலின் மற்ற காட்சிகள் எல்லாம் முடிந்தன. முகமூடி மட்டும் பாக்கி.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. திரையின் மூலையில் நேரம் காட்டும் எண்கள் ஓடும். எந்த எண்ணில் தொடங்க வேண்டும், எதில் முடிக்க வேண்டும் என்று அவருக்குக் குறித்துக் கொடுத்தேன். அவரும் எண்ணைப் பார்த்துப் பேசினார். எல்லாம் சரியான இடத்தில் தொடங்கி, சரியான இடத்தில் முடிந்தன. கேட்கத்தான் சகிக்கவில்லை. கதாநாயகன் கெஞ்சினாலும் உறுமினாலும் இவர் ஒரே தொனியில் பேசிக்கொண்டு போனார். எதிராளியின் பேச்சு காதில் விழாமல் பேரம் எப்படிப் பேசுவது?

போதாக்குறைக்கு வரதராஜுலு சார் உள்ளே வந்துவிட்டார். கையில் போண்டாவோடு நின்று முழுவதையும் கேட்டார்.

“என்னம்மா ஆச்சு இவருக்கு? தாம்பரம் வண்டி ரெண்டாவது பிளாட்பாரம்னு சொல்ற மாதிரி பேசறாரு. கையில அணுகுண்டு வெச்சுக்கிட்டுப் பேசறவன் இப்படியா பேசுவான்?”

தொண்டை கட்டு என்றேன்.

“வியாழக்கிழமை ஒரு நாள் தரேன். அன்னிக்கு வரலேன்னா ரோஷனைக் கூப்பிட்டுருவேன்.” ரோஷன் எஃப்.எம். ரேடியோவில் பேசுகிறவன். “ஒரு ஜெனரலுக்கு ரெண்டு குரல் இருக்க முடியாது. மொதல் சீன்லேர்ந்து அவனையே பேச வெச்சுரலாம். வயசாயிட்டா எல்லாருக்கும் ஒரு நாள் உண்டு.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆவுடையப்பன் சார் வரதராஜுலு சாரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் படித்திருப்பார். நான் எழுந்து நடுவில் நின்றிருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை, அதுதான் இன்னும் மனதைப் பிடுங்குகிறது.

நவம்பர் 18, செவ்வாய்

வேலைக்குப் போகவில்லை. வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியின் முன்னால் உட்கார்ந்து, காதில் படத்தின் ஒலியை மாட்டிக்கொண்டு, அந்தக் கிழவர் பேசுகிற நேரத்துக்கு வாயசைத்துப் பழகினேன். சத்தம் வராமல். ஒரு நகரத்தை மிரட்டுகிற முகம் எனக்கு வரவே இல்லை. காய்காரரிடம் சண்டை போடுகிற முகம்தான் வந்தது. பிறகு அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

கீழ்வீட்டு அம்மாள் காயப்போட்ட துணியை எடுக்க வந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

“யாரைத் திட்டிட்டு இருக்கீங்க?”

“பல்லு வலி” என்றேன். கிராம்புத் தைலம் கொண்டுவந்து கொடுத்தாள். பாவம், நல்லவள்தான்.

நவம்பர் 20, வியாழன்

பேசுகிற அறைக்குள் பேசுகிறவரைத் தவிர யாரும் போகக்கூடாது. அதுதான் எங்கள் தொழிலின் கட்டுப்பாடு. வளையல் சத்தம், புடவைக் கொசுவம், வயிற்று இரைச்சல், எல்லாம் மைக்கில் விழுந்துவிடும். நான் வளையல், கொலுசு, தோடு எல்லாவற்றையும் கழற்றிக் கைப்பையில் போட்டேன். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்ட பழைய நூல் புடவையைத்தான் கட்டியிருந்தேன். பட்டு சரசரக்கும்.

ஹமீதிடம் என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே இன்னொரு ஹெட்போன் ஏற்கெனவே வைத்திருந்தார்.

ஆவுடையப்பன் சார் மைக்கின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். திரை எனக்கு எதிரே, அவருக்கு முதுகுப்புறம். அவர் திரையைப் பார்க்க வேண்டாம், என்னைப் பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தேன். என் காதில் ஜெனரலும் கதாநாயகனும் மாறி மாறிப் பேசுவார்கள். ஜெனரல் பேசும்போது நான் அந்தத் தமிழை வாயில் அசைப்பேன். கதாநாயகன் பேசும்போது, அவன் எப்படிப் பேசுகிறான் என்பதை முகத்தில் காட்டுவேன். முகமூடிக்குள் இருக்கிற வாய் நான்தான்.

“நீங்க மூச்சு விட்டா நான் விடுதேன்” என்றார்.

முதல் தடவை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாவது தடவை பாதியில் நான் வசனத்தை மறந்தேன். எழுதியவளே நான்தான். என் வாய் நின்றதும் அவரும் நின்று, குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துக் காத்திருந்தார். வெளியே வரதராஜுலு சார் வந்து நின்றது தெரிந்தது. இவள் உள்ளே என்ன செய்கிறாள் என்று அவர் கேட்பதும், “முகமூடி சீன்ல மூச்சு மேட்ச் ஆகணும் சார், அதுக்கு மேடம் க்யூ குடுக்கறாங்க” என்று ஹமீது சொல்வதும் கண்ணாடிக்கு அப்பால் தெரிந்தது. ஹமீதின் வாயைப் படித்தேன். எனக்கும் வந்துவிட்டது அந்த வித்தை.

மூன்றாவது தடவை ஜெனரல் குண்டின் மூடியைத் திறந்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் குரல் வந்தது.

அதை எப்படி எழுதுவது? என் வாயிலிருந்து அவர் குரல் வருவதுபோல இருந்தது. நான் உதட்டை மெதுவாகப் பிரித்தால் அந்தக் குரல் மெதுவாக எழுந்தது. நான் பல்லைக் கடித்தால் அதற்குள் அரம் ஓடியது. கதாநாயகன் கெஞ்சியபோது நான் காய்காரரிடம் காட்டுகிற இளக்காரத்தைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, ஒரு தேசத்தையே இளக்காரம் செய்கிற அளவுக்கு ஆக்கிக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் கண்ணெடுக்கவில்லை. என் வாழ்க்கையில் என்னை அத்தனை நேரம் அத்தனை கவனமாக யாரும் பார்த்ததில்லை. தொழில் நிமித்தம்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

கடைசி வசனம் வந்தது. ஜெனரல் விசையின் மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு சொல்கிறார்: “முப்பது வருஷம் உங்க வாசல்ல நின்னு சொன்னேன். ஒருத்தன் திரும்பிப் பாக்கலை. இப்போ எல்லாரும் என் பேச்சைக் கேப்பீங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கியதை அவர் பார்த்தார். அதுவும் அந்தக் குரலில் ஏறிவிட்டது. மூலப் படத்தில் அந்தக் கிழவர் அதை மிரட்டலாகத்தான் சொல்லியிருந்தார். எங்கள் ஜெனரல் சொன்னது மிரட்டலும் இல்லை, அழுகையும் இல்லை.

வெளியே வரதராஜுலு சார் ஹமீதின் தோளைத் தட்டினார். “இதான்யா! இதைத்தான்யா அன்னிக்குக் கேட்டேன்!” என்றது அவர் வாய்.

நான் ஆவுடையப்பன் சாரைப் பார்த்து, ஓகே என்று வாயசைத்தேன். அவர் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார்.

நவம்பர் 21, வெள்ளி

தொண்டை வலிக்கிறது. நேற்று நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

நவம்பர் 24, திங்கள்

ஜெனரலின் வேலை முடிந்துவிட்டது. அடுத்த படத்துக்குத் தேதி கேட்டார் வரதராஜுலு சார். இனி இல்லை, போதும் என்று கைகூப்பிவிட்டார் ஆவுடையப்பன் சார். ராஜா மாதிரிப் போகிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் ஹமீதுக்கும் மட்டும் வாய் ஒட்டிக்கொண்டது.

பிறகு ஹமீதிடம் கேட்டேன், அவருக்கு எப்போது தெரியும் என்று.

“ஒயரு கழண்டு கெடந்துச்சே, அன்னிக்கேதான் மேடம். ஹெட்போன்ல சத்தமே இல்லாம ஒரு ரீல் பேசினா எந்த ஆளும் கத்துவான். நீங்க கண்டுக்காத மாதிரி இருந்தீங்க, சரி, நானும் கண்டுக்கலை.”

நான் கண்டுகொள்ளாமல் இருந்தேனா? அப்படித்தான் போலிருக்கிறது.

ஷைலஜாவின் காட்சிகளுக்குக் கண்ணாடிக்கு நேர் எதிரே உட்கார வேண்டிய அவசியம் இல்லை. ஓரத்து நாற்காலிக்கே திரும்பிப் போனேன். அங்கிருந்து ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

டிசம்பர் 3, புதன்

அவரிடமிருந்து செய்தி எதுவும் இல்லை. போன் செய்து என்ன பயன்? மெசேஜ் அனுப்பலாம். என்ன அனுப்புவது? கேஸ் சிலிண்டர் வந்தது.

டிசம்பர் 9, செவ்வாய்

அனுப்பிவிட்டேன். “வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு வருகிறீர்களா?” என்று மட்டும்.

“கேக்காத படத்துக்கு டிக்கெட் எதுக்கும்மா?” என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “எந்த தியேட்டர்?” என்று இன்னொன்று.

டிசம்பர் 12, வெள்ளி

பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். மழை நின்று வெயில் அடிக்கிறது, காட்டன் எல்லாம் காய்ந்துதான் இருந்தது. இருந்தாலும் பட்டுதான் கட்டினேன். எழுதுவதற்கென்ன?

தியேட்டர் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள், ஆட்டோக்காரர்கள், குடும்பத்தோடு வந்தவர்கள். ஆவுடையப்பன் சார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். தன் படம் வெளியானால் முதல் நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து குரல் எப்படி விழுகிறதென்று கேட்பது அவர் வழக்கமாம். இன்று நடுவில் உட்காரலாம் என்றார். டைட்டிலில் அவர் பெயர் இல்லை. எந்த டைட்டிலிலும் இருந்ததில்லை.

ஜெனரல் முதல் தடவை வாய் திறந்ததும் தியேட்டர் அடங்கியது. பக்கத்தில் பார்த்தால் அவர் திரையைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து பின்வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரை வெளிச்சத்தில் தெரிகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யார் பயப்படுகிறார்கள், யார் பாப்கார்னை வாயருகே வைத்துக்கொண்டு மறந்துபோயிருக்கிறார்கள் என்று. தன் குரலைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது.

முகமூடிக் காட்சி வந்தது. என் வாய் தானாக அசைந்தது. அதைப் பார்த்து எந்த இடம் ஓடுகிறது என்று அவர் தெரிந்துகொண்டார். “இப்போ எல்லாரும் என் பேச்சைக் கேப்பீங்க” என்றார் ஜெனரல். அதற்குப் பிறகு படத்தில் ஒலியே இல்லாத ஓர் இடம். விசையின் மேல் விரல், அவ்வளவுதான். தியேட்டரில் ஒரு செருமல்கூட இல்லை.

“கோதையம்மா, நல்லா விழுதா?”

ஆவுடையப்பன் சார்தான் கேட்டார். ரகசியமாகக் கேட்பதாக நினைத்துக்கொண்டு, முழுக் குரலில். திரையிலிருந்த அதே குரல் ஸ்பீக்கரை விட்டு இறங்கி நடு வரிசைக்கு வந்ததுபோல இருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

பிறகு முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: “டேய், ஜெனரல் இங்க உக்காந்திருக்காருடா!”

விசில் பறந்தது. நாற்காலிகள் டப் டப் என்று மடங்கின. எழுந்து நின்று பார்த்தார்கள், போனை உயர்த்திப் பிடித்தார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று பயந்துபோய், “சத்தமாப் பேசிட்டேனாம்மா?” என்றார். அதுவும் கடைசி வரிசைவரை கேட்டது. தியேட்டர் இரண்டு மடங்கு கத்தியது.

முன்வரிசைப் பையன்களில் ஒருவன் நாற்காலிகளைத் தாண்டி எங்களிடமே வந்துவிட்டான். கட்டம் போட்ட சட்டை, மூச்சு வாங்கியது. “சார், அது நீங்களா? நீங்களா சார் பேசினது? சின்ன வயசுலேர்ந்து உங்களுக்குத்தான் சார் பயந்துட்டிருக்கேன்!” என்றான்.

இருட்டில் அவன் வாய் அவருக்குத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார். திரையில் குண்டின் கடிகார எண்கள் குறைந்துகொண்டே வந்தன. அந்த வெளிச்சத்துக்கு என் முகத்தைக் கொடுத்து, அவன் கேட்டதை ஒவ்வொரு சொல்லாக உதட்டில் சொன்னேன். கடைசி வார்த்தை வரைக்கும் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

“நான்தான்” என்றார்.

வெளியே சாலையில் போகிறவர்களுக்கும் கேட்டிருக்கும். மெதுவாகப் பேசச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.